இரண்டு அங்குலச் சரிவில் ஓர் ஆறு

அமெரிக்கப் பெருநிலப்பரப்பின் தென்கோடியில், ஃபுளோரிடாவின் எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவுக்குப் போகிறவர்களை முதலில் மிரட்டுவது முதலையல்ல, கழுகு. ராயல் பாம் என்ற இடத்தில் காரை நிறுத்தினால், பாறு கழுகுகள் வந்து கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பரைக் கொத்திப் பிய்த்துவிடும். இதற்கென்றே பூங்காவில் தார்ப்பாய் தருகிறார்கள். வண்டியை மூடிக் கட்டிவிட்டு நடக்க வேண்டியதுதான்.

அங்கே தொடங்கும் ‘அன்ஹிங்கா’ நடைபாதை ஒன்றே கால் கிலோமீட்டர்தான். கோடையில் வெறிச்சோடினாலும் ஜனவரியில் அதைக் கடக்கவே அரை நாள் ஆகிவிடும். அத்தனை இருக்கிறது பார்க்க. கரையோரம் அலிகேட்டர்கள் வெயில் காய்கின்றன. மேலே கிளையில் சிறகை விரித்து ஈரம் உலர்த்துகிறது அன்ஹிங்கா. நம் ஏரிகளில் திரியும் பாம்புத்தாராவுக்கு நெருங்கிய உறவு. அதே பாம்புக் கழுத்து. இறகு நன்றாக நனைவதால்தான் அதனால் எளிதாக மூழ்கி மீனைக் குத்த முடிகிறது. நனைந்ததற்கு விலை, இப்படி நெடுநேரம் காய்வது.

தரையைப் பார்த்தால் சதுப்பு போலத் தெரிந்தாலும் எவர்கிளேட்ஸ் உண்மையில் ஓர் ஆறு. முன்பெல்லாம் வடக்கே ஒக்கிசோபி ஏரி மழைக்காலத்தில் வழிந்து, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் அகலத்துக்குப் பரவி, தெற்கே கடலை நோக்கி நகர்ந்தது. மைலுக்கு இரண்டு அங்குலம்தான் சரிவு என்பதால் ஓட்டம் கண்ணுக்குத் தெரியாது. தண்ணீரின் மேல் நிற்பது ரம்பப் பல் விளிம்புள்ள ஒருவகைக் கோரை. மார்ஜரி ஸ்டோன்மன் டக்ளஸ் 1947-ல் எழுதிய நூலில் இதைப் ‘புல்லாறு’ என்றார். அதே ஆண்டு டிசம்பர் 6 அன்று அதிபர் ட்ரூமன் பூங்காவைத் திறந்துவைத்தார்.

குளிர்காலத்தில் மழை நிற்கும்போது அலிகேட்டரின் வேலை தொடங்குகிறது. மூஞ்சியாலும் காலாலும் வாலாலும் சேற்றைத் தள்ளி அது ஒரு குழி பறிக்கும். சுற்றுப்புறம் காய்ந்தாலும் அந்தக் குழியில் தண்ணீர் நிற்கும். மீன், ஆமை எல்லாம் அங்கே ஒதுங்கும். அவற்றைத் தேடி நாரையும் இளஞ்சிவப்புக் கரண்டிவாயனும் வரும். குஞ்சு பொரிக்கும் காலத்தை நாரைகள் இந்த வறட்சியோடு பொருத்தி வைத்திருக்கின்றன. அந்த நேரம் தவறித் தண்ணீர் ஏறினால் மீன்கள் சிதறும். இரை கிடைக்காமல் தாய் நாரை கூட்டையே கைவிட்டுவிடும்.

அப்படித் தவற வைத்தவர்கள் மனிதர்கள். விவசாயத்துக்கும் வீடுகளுக்கும் கால்வாய் வெட்டி, கரை எழுப்பி, பழைய எவர்கிளேட்ஸில் ஏறத்தாழ பாதியை அழித்தார்கள். 1928-ல் போட்ட டாமியாமி சாலை ஆற்றின் குறுக்கே அணைபோல் கிடந்தது. தண்ணீர் அடியில் போகட்டும் என்று 2013-ல் ஒரு பகுதியும் 2019-ல் இன்னொரு பகுதியும் பாலமாக உயர்த்தப்பட்டன. மீட்புப் பணி இன்னும் முடியவில்லை.

இன்னொரு தொல்லை, செல்லப் பிராணியாக வந்து காட்டுக்குள் புகுந்த பர்மிய மலைப்பாம்பு. ராக்கூன்கள் கண்ணில் படுவது 99 சதவீதம் குறைந்துவிட்டதாக 2012-ல் வெளியான ஆய்வு சொன்னது. கோரைக்குள் கிடக்கும் பாம்பை அருகில் நின்றாலும் கண்டுபிடிக்க முடியாது. 2017-ல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தினர் தமிழ்நாட்டிலிருந்து மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற பாம்பு பிடிக்கும் இரண்டு இருளர்களை வரவழைத்தார்கள். இருவரும் புதருக்குள் நுழைந்து, தடத்தையும் எச்சத்தையும் பார்த்துப் பாம்பைத் தேடினார்கள். முதல் இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகள் பிடிபட்டன. பூங்காவுக்குக் கிழக்கே கீ லார்கோ தீவில், கைவிடப்பட்ட ஏவுகணைத் தளத்தில் கிடந்த 16 அடிப் பெண் பாம்பும் அவற்றில் ஒன்று. இப்படித் தடம் பார்த்துத் தேடுவது தலைமுறை தலைமுறையாகக் கைமாறிவந்த அறிவு. இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

பார்க்கப் போகிறவர்கள் டிசம்பருக்கும் ஏப்ரலுக்கும் இடையில் போங்கள். தென்முனையில் உள்ள ஃபிளமிங்கோ என்ற இடம் வரை சென்றால், கூர்மூஞ்சி முதலையையும் பார்க்கலாம். அலிகேட்டரும் முதலையும் இயல்பாகச் சேர்ந்து வாழ்வது உலகில் தெற்கு ஃபுளோரிடாவில் மட்டும்தான். மே மாதம் மழை இறங்கிவிட்டால் தண்ணீரோடு பறவைகளும் எங்கெங்கோ பரவிவிடும், கொசுதான் மிஞ்சும்.