கட்டுமரத்தைப் படித்த அதிகாரி: மரக்காணம் கரையில் நாம் கேட்க மறந்தது என்ன?

விழுப்புரம்னா ரயில்வே ஜங்ஷன், திண்டிவனம்னா பைபாஸ். நம்மில் பலருக்கு அவ்வளவுதான். ஆனால் திண்டிவனத்திலிருந்து கிழக்கே சுமார் 35 கி.மீ. போனால் மரக்காணம். உப்பளம், கழுவெளி ஏரி, மீனவக் குப்பங்கள் என மாவட்டத்தின் கடல் முகம் அங்கேதான் இருக்கிறது. இந்தச் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தை ஆய்வுப் பொருளாக்கியவர்களில் முக்கியமானவர் ஜேம்ஸ் ஹார்னெல்.

யார் இவர்?

பிரிட்டனைச் சேர்ந்த கடல் உயிரியலாளர் (1865–1949). முத்துச்சிப்பி ஆய்வுக்காக 1902-ல் இலங்கை வந்தார். பிறகு சென்னை மாகாண மீன்வளத் துறையில் சேர்ந்து, அதன் இயக்குநரானார். முத்து, சங்கு என்று தொடங்கிய தேடல், படகு கட்டும் மனிதர்கள் பக்கம் திரும்பியது. இந்தியப் படகு வடிவங்கள் பற்றிய அவரது ஆய்வு 1920-ல் வெளியானது. தென்னிந்தியப் படகுகளில் பாலினீசியத் தாக்கம் உண்டு என்ற அவரது வாதம் விவாதத்துக்குரியது. ஆனால் அவர் பதிவுசெய்த விவரங்களுக்கு மதிப்புக் குறையவில்லை.

கட்டுமரத்தில் அப்படி என்ன?

துறைமுகம் இல்லாத மணல் கரை. கரையிலேயே உடையும் அலை. சாதாரணப் படகென்றால் தண்ணீர் நிரம்பிக் கவிழும். கட்டுமரத்திலோ ஏறிய தண்ணீர் மர இடுக்கு வழியே வடிந்துவிடும். ஆணி கிடையாது, கயிறுதான். கரைக்கு வந்ததும் அவிழ்த்துக் காயப்போடலாம். ஆங்கிலத்தின் ‘கேட்டமரான்’ இந்தச் சொல்தான். ஆனால் இன்று அந்தப் பெயரில் ஓடும் இரட்டை உடல் படகு வேறு வடிவம். பெயர் மட்டும் நம்முடையது.

இப்போ ஏன் இந்தக் கதை?

2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் பெருகின, கட்டுமரம் அருகிவிட்டது. காற்று, அலை முன்னறிவிப்பை ஹைதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனம் தருகிறது, போனிலேயே பார்க்கலாம். நல்ல விஷயம்தான். ஆனால் வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்குப் பெயர் வைத்து, எந்தக் காற்றில் எந்த மீன் வரும், முகத்துவாரத்தை மணல் எப்போது அடைக்கும் என்று கணிப்பது கரையில் வளர்ந்தவர்களின் அறிவு.

படகை அளந்து வரையலாம், அருங்காட்சியகத்தில் வைக்கலாம். காற்றைப் படிக்கும் அறிவை அப்படி வைக்க முடியாது. அது பெரியவர்களின் வாயில் இருக்கிறது. கழுவெளி 2021-ல் பறவைகள் சரணாலயமானது. அதைக் காக்கவும், கரையில் எதையாவது கட்டவும் திட்டமிடுபவர்கள் முதலில் உட்கார்ந்து கேட்க வேண்டியது குப்பத்துப் பெரியவர்களிடம்தான். ஒரு அதிகாரி நூறு வருஷத்துக்கு முன்பே கேட்டார். நம்மிடம் ரெக்கார்டர் பாக்கெட்டிலேயே இருக்கிறது.