கல்யாணம் பண்ணிக்காத பார்சிகள்

"உனக்கு எப்போப்பா கல்யாணம்?"னு விசேஷ வீட்ல மடக்கிக் கேக்கற மாமாக்கள் எல்லா மதத்துலயும் இருக்காங்க. அவங்க நாட்டு நடப்பைத்தான் கேக்கறாங்க. இந்தியாவில் 45 முதல் 49 வயதுக்குள் இருக்கும் பெண்களில் கல்யாணமே ஆகாதவர்கள் நூற்றுக்கு ஒருவர், இருவர்தான். கிறிஸ்தவ, சமண, சீக்கியப் பெண்கள் சராசரியாகக் கொஞ்சம் தாமதமாகக் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். ஆனா கடைசியில எல்லாரும் பண்ணிக்கிறாங்க.

பெரிய விதிவிலக்கு பார்சிகள். அவர்களில் சுமார் 30 சதவீதம் பேர் கல்யாணமே செய்துகொள்வதில்லை என்கிறது மத்திய அரசின் 'ஜியோ பார்சி' திட்டம். 1941-ல் 1,14,890 பேராக இருந்தவர்கள், 2011 சென்ஸஸில் 57,264 பேர். நம்ம ராயபுரத்துலகூட 1910-ல கட்டின அவங்க அக்னிக் கோயில் இருக்கு. கும்பிட வர்ற குடும்பங்கள்தான் ரொம்பக் கம்மி.

அப்போ அவங்க மதம் துறவறத்தைக் கொண்டாடுதான்னு கேட்டா, நேர் எதிர். ஜொராஸ்ட்ரிய மதத்தில் துறவி என்ற ஆளே கிடையாது. பூசாரிகளும் குடும்பஸ்தர்கள்தான். கல்யாணம் ஆனவரை ஆகாதவருக்கு மேலே வைக்கிற மதம் அது. அதனால காரணத்தை வேதத்துல தேடாதீங்க. வீட்டு வாடகையிலயும் கோர்ட் தீர்ப்புலயும் தேடணும்.

முதல்ல தீர்ப்பு. ஜே.ஆர்.டி. டாட்டாவின் அம்மா சூசான் பிரெஞ்சுப் பெண். ஆர்.டி. டாட்டாவை மணந்து, பார்சி மதத்தில் சேர்ந்தார். அவரை ஏற்கலாமா, கூடாதா என்ற சண்டை பம்பாய் ஹைகோர்ட் வரை போனது. 1908-ல் வந்த தீர்ப்பின்படி, பார்சி அப்பாவுக்கும் வெளி மத அம்மாவுக்கும் பிறந்த பிள்ளை முறைப்படி மதத்தில் சேர்க்கப்பட்டால் பார்சி. அம்மா பார்சி, அப்பா வெளியாள் என்றால் அந்த வாசல் இல்லை. நூறு வருஷம் தாண்டியும் பெரும்பாலான இடங்களில் இதுதான் நடைமுறை. வெளியே கல்யாணம் செய்த குல்ரூக் குப்தா, பெற்றோரின் இறுதிச் சடங்கில் கலந்துகொள்ளும் உரிமைக்காகவே வழக்குப் போட வேண்டியிருந்தது. 2012-ல் குஜராத் ஹைகோர்ட்டில் தோற்றார். 2017-ல் விஷயம் சுப்ரீம் கோர்ட்டில் இருந்தபோதுதான் வல்சாடு அறக்கட்டளை இறங்கி வந்து அனுமதித்தது.

இதை ஒரு பார்சிப் பொண்ணோட இடத்துல இருந்து யோசிச்சுப் பாருங்க. 2001 சென்ஸஸில் பார்சிகளின் எழுத்தறிவு 97.9 சதவீதம். பெண்கள் படித்து, சம்பாதித்து, தனக்குச் சமமான ஆளைத் தேடுகிறார்கள். தேட வேண்டிய கூட்டமோ ஒரு சின்ன ஊர் அளவு. அதுலயும் பாதிப் பேர் சொந்தக்காரங்க, மீதிப் பேர் ஒரே காலனில சின்ன வயசுலேர்ந்து கூட விளையாடினவங்க. வெளியே போனால் பிள்ளைகளுக்குக் கோயில் கிடையாது. உள்ளே ஆள் இல்லை. மூணாவது வழி, தனியாவே இருந்துடறது. படித்த பெண்ணுக்குச் சொந்தச் சம்பளம் இருப்பதால் அந்த வழி திறந்திருக்கிறது. மத்த சமூகங்கள்ல பல பொண்ணுங்களுக்கு அந்தக் கதவே கிடையாது. எனக்கு இதுதான் முக்கியமான வித்தியாசமாப் படுது.

அப்புறம் வீடு. மும்பையில் பார்சி டிரஸ்டுகளின் 'பாக்' குடியிருப்புகளில் வாடகை குறைவு, ஆனா காலி வீடு கிடைக்கிறது பெரும்பாடு. அப்பா, அம்மா, வயசான அத்தை எல்லாரும் ரெண்டு ரூம்ல இருக்கும்போது புது ஜோடி எங்க போகும்?

2013-ல் தொடங்கிய ஜியோ பார்சி, குழந்தைப்பேறு சிகிச்சைக்குப் பணம் தருகிறது. அடுத்த வருஷம் வந்த விளம்பரங்கள் கல்யாணம் ஆகாதவர்களைத்தான் குத்திக் காட்டின. இப்படியே போனால் தாதர் பார்சி காலனி, பக்கத்து இந்து காலனியோடு சேர்ந்துவிடும் என்று ஒன்று. பல பார்சிப் பெண்களுக்குக் கோபம் வந்தது, நியாயமான கோபம். 1908 தீர்ப்பைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. பிற்பாடு அந்தத் திட்டத்திலேயே முதியவர்களைப் பார்த்துக்கொள்ளவும், குழந்தைகளைக் கவனிக்கவும் உதவித்தொகை சேர்த்தார்கள். பிள்ளைகள் பற்றிய விதி மட்டும் பெரும்பாலான இடங்களில் இன்னும் மாறவில்லை.