குத்துக்கும் தாளம் உண்டு: குத்துச்சண்டை இசைப்படம் எப்படி உருவாகிறது?

பாட மூச்சு வேண்டும். குத்துச்சண்டை வீரன் முதலில் இழப்பதே மூச்சைத்தான். அதனால், பாடவும் சண்டையிடவும் தெரிந்த ஒரு நாயகனைத் திரையில் நம்பவைப்பது எளிதல்ல. எல்விஸ் பிரெஸ்லி நடித்து 1962-இல் வெளியான ‘கிட் கலஹாட்’ அந்தச் சவாலை ஏற்ற ஹாலிவுட் படம். அது உருவான விதத்தைப் பார்த்தால், இத்தகைய படங்களின் நுட்பம் புரியும். அவை எங்கே சறுக்குகின்றன என்பதும் புரியும்.

பழைய கதை, புதிய நாயகன்

1937-இல் மைக்கேல் கர்ட்டிஸ் இதே பெயரில் எடுத்த படம் துப்பாக்கிச் சூட்டில் முடியும் ரவுடிக் கதை. எல்விஸுக்காக அதைத் திருத்தியபோது இருட்டு குறைந்தது, ஆறு பாடல்கள் சேர்ந்தன. ராணுவத்திலிருந்து திரும்பி மெக்கானிக் வேலை தேடும் வால்டர், மலையூர்ப் பயிற்சி முகாம் ஒன்றில் மற்ற வீரர்களின் பயிற்சிக்காக அடிவாங்கும் ஆளாகச் சேர்கிறான். பிறகு தானே வீரனாகிறான். இயக்கியவர் பில் கார்ல்சன்.

பாட்டு முதலில்

பாடல்கள் 1961 அக்டோபர் கடைசியில் பதிவாயின. நவம்பரில் கலிபோர்னியாவின் ஐடில்வைல்டு மலைப்பகுதியில் படப்பிடிப்பு தொடங்கியது. பதிவான பாட்டைத் தளத்தில் ஒலிக்கவிட்டு வாயசைக்கும் முறை நமக்கும் பழகியதுதான். எல்விஸ் வாயசைத்தது தன் குரலுக்கே.

குத்தும் ஒத்திகைதான்

எல்விஸைத் தயார்செய்தவர், 1920-களில் ஜூனியர் வெல்டர்வெயிட் உலக சாம்பியனாக இருந்த மஷி கேலஹன். திரைச்சண்டையில் எந்தக் குத்தும் தற்செயலாக விழுவதில்லை. இடது, வலது, குனிதல், விலகல் என எண்ணிக்கை போட்டு ஒத்திகை நடக்கும். கை முகத்தைத் தொடாமல் சில அங்குலம் தள்ளிப் போகும். அந்த இடைவெளி தெரியாத கோணத்தில் கேமரா நிற்கும். அடி வாங்குபவர் சரியான நொடியில் தலையைத் திருப்பினால்தான் குத்து உண்மையாகும். சத்தம் பிறகு சேரும். நடனம் அமைக்கும் வேலைக்கும் இதற்கும் அடிப்படையில் வேறுபாடு இல்லை.

திரைக்கதையும் கைகொடுத்தது. வால்டருக்குத் தற்காப்பு தெரியாது. வாங்கும் அடியையெல்லாம் தாங்கிக்கொண்டு, ஒரே வலதுகைக் குத்தில் எதிராளியைச் சாய்ப்பான். நாயகனாக நடிப்பவர் தேர்ந்த வீரர் அல்லர் என்ற குறையைக் கதாபாத்திரமே மறைத்துவிட்டது.

எங்கே சறுக்கியது?

பாடல்கள் வண்டியிலும் முகாமிலும் காதலியோடு நடக்கும்போதும் வருகின்றன. குத்துச்சண்டை மேடையில் ஒன்றுகூட இல்லை. பாட்டு வந்தால் சண்டை ஒதுங்குகிறது, சண்டை வந்தால் பாட்டு ஒதுங்குகிறது.

இரண்டையும் இணைக்க முடியும் என்று 1931-லேயே காட்டியவர் சார்லி சாப்ளின். ‘சிட்டி லைட்ஸ்’ படத்தில் நடுவரின் முதுகுக்குப் பின் ஒளிந்து அவர் போடும் சண்டை, அவரே அமைத்த இசையோடு ஓடும் அசல் நடனம்.

பா. இரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ (2021) நம் ஊர்ச் சான்று. வடசென்னையின் கானாவும் கனடாவாழ் ஈழத்தமிழர்களின் ராப்பும் சந்தோஷ் நாராயணன் இசையில் கலந்தன. ஆனால் ரசிகர்கள் கொண்டாடியது ஷபீர் நடித்த ‘டான்சிங் ரோஸ்’ பாத்திரத்தின் கால்களை. அவன் ஆட்டமும் குத்தும் ஒன்றாகவே இருந்தன. பாடல் வரி ஏதுமின்றி மேடைக்குள் இசை நுழைந்த இடம் அது.

தமிழ் சினிமாவில் டான்ஸ் மாஸ்டருக்கு ஒரு நாள், ஸ்டண்ட் மாஸ்டருக்கு வேறொரு நாள் என்று பிரித்தே பழகிவிட்டோம். குத்துச்சண்டையை இசைப்படமாக எடுக்க விரும்பும் இயக்குநர்கள், இசையமைப்பாளரோடு அவர்கள் இருவரையும் முதல் ஒத்திகையிலிருந்தே ஒன்றாக உட்காரவைக்க வேண்டும்.