மணிக்கட்டு தூக்கும் டம்ளர்

வலது முழங்கையை மேசைமேல் ஊன்றி, கையைத் தளர விடுங்கள். மணிக்கட்டு உள்பக்கமாக மடிந்து தொங்கட்டும். விரல்கள் தாமாகவே சற்று நீண்டிருக்கும். இப்போது விரல்களைப் பற்றி நினைக்காமல் மணிக்கட்டை மட்டும் மெல்லப் பின்பக்கமாக நிமிர்த்துங்கள். விரல்கள் மடங்குகின்றன, கட்டைவிரல் வந்து ஆட்காட்டி விரலின் பக்கவாட்டில் ஒட்டுகிறது. மடங்கச் சொல்லி நீங்கள் கட்டளையிடவே இல்லை.

விரல்களை மடக்கும் முக்கியமான தசைகள் விரலில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து கிளம்பும் நீண்ட தசைநாண்கள் மணிக்கட்டின் உள்பக்கமாக ஓடி விரல் எலும்பில் போய் முடிகின்றன, பொம்மலாட்டக்காரர் கையிலிருக்கும் கயிறுகளைப் போல. மணிக்கட்டை நிமிர்த்தினால் நாண் கடக்க வேண்டிய தூரம் கூடுகிறது. நாணின் நீளமோ அதேதான். அதனால் விரல் உள்ளே இழுபடுகிறது. மருத்துவத்தில் இதற்கு டெனோடெசிஸ் பிடி என்று பெயர்.

நமக்கு இது ஒரு வேடிக்கை. கழுத்துத் தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களில் ஒரு பகுதியினருக்கு இதுதான் கை. பைக் விபத்து, தென்னையிலிருந்து விழுந்தது, ஆழம் தெரியாத கிணற்றில் தலைகீழாகக் குதித்தது என்று நம் ஊர்களில் இந்தப் பாதிப்புக்குக் காரணங்கள் பல. ஆறாவது கழுத்து நரம்புவரை வேலை செய்து, அதற்குக் கீழே தொடர்பு அறுந்துபோனவருக்கு முழங்கை மடங்கும், மணிக்கட்டு நிமிரும். ஆனால் ஒரு விரலைக்கூடத் தன் இஷ்டத்துக்கு அசைக்க முடியாது. அவர் எவர்சில்வர் டம்ளரை எடுப்பதை அருகிலிருந்து பார்க்க வேண்டும். மணிக்கட்டைத் தொங்கவிட்டு, விரிந்த விரல்களை டம்ளரின் இருபுறமும் கொண்டுபோகிறார். மணிக்கட்டை நிமிர்த்துகிறார். விரல்கள் மடங்கிப் பிடிக்கின்றன. டம்ளரின் வளைந்த விளிம்பு விரல்மேல் தங்கிக்கொள்வதால் அது நழுவுவதில்லை. குடித்து முடித்து மேசையில் வைத்தபின் மணிக்கட்டைத் தொங்கவிட்டால் போதும், பிடி விட்டுவிடும். இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. இந்த நிலையில் கட்டைவிரலுக்குச் சூடு தெரியும், சுண்டுவிரலுக்குத் தெரியாது. எனவே காபி என்றால் கட்டைவிரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பிடிப்பார்.

இந்தப் பிடியைக் காப்பாற்றுவதும் கெடுப்பதும் பெரும்பாலும் வீட்டாரின் கையில்தான் இருக்கிறது. மகனின் விரல்கள் மடங்கியே கிடக்கின்றனவே என்று அம்மா நல்லெண்ணெய் தேய்த்து, மணிக்கட்டையும் விரல்களையும் ஒருசேர நிமிர்த்தி நீவிவிடுவார். பாசத்தோடு செய்கிற காரியம்தான். ஆனால் நாண்கள் நீண்டு தளர்ந்துவிட்டால், பிறகு மணிக்கட்டை எவ்வளவு நிமிர்த்தினாலும் விரல் இழுபடாது. டம்ளர் போய்விடும். விரல்களை நீட்டும்போது மணிக்கட்டு மடிந்திருக்க வேண்டும். மணிக்கட்டை நிமிர்த்தும்போது விரல்கள் மடங்கியிருக்க வேண்டும். கட்டிலில் கையை ஊன்றி நகரும்போதுகூட விரல்களை மடக்கியே ஊன்றச் சொல்வார்கள் தெரபிஸ்ட்டுகள். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது முதலில் சொல்ல வேண்டிய செய்தி இது.

இப்படி டம்ளரைத் தூக்கியவரைப் பற்றி எழுதும்போது நம் பத்திரிகைகள் உடனே தன்னம்பிக்கை என்ற பெரிய எழுத்துத் தலைப்பைத் தேடிப் போகின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. மன உறுதி வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் நாண் தளர்ந்துபோன கையை எந்த மன உறுதியும் மடக்காது. அந்த வெற்றிக்குள் உடற்கூறியல் இருக்கிறது, இயந்திரவியல் இருக்கிறது, சென்டிமீட்டர் கணக்கு இருக்கிறது. அவற்றை விட்டுவிட்டு மனத்தை மட்டும் புகழ்ந்தால், டம்ளரைத் தூக்க முடியாதவருக்கு மனம் போதவில்லை என்று அர்த்தமாகிவிடும்.

இதற்கு நல்ல உதாரணம், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் மேரி வர்கீஸ். அவரைத் தமிழ்நாடு இன்னும் சரியாக அறியவில்லை என்பது என் மனக்குறை. 1954இல் ஒரு வாகன விபத்து அவரது கால்களின் இயக்கத்தைப் பறித்தது. அப்போது வேலூரில் அறுவைச் சிகிச்சை நிபுணர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன கைகளைத் தசைநாண் இடமாற்றம் மூலம் சீர்செய்துகொண்டிருந்தார். அடிவயிற்று அறுவைச் சிகிச்சைக்கு நிற்க வேண்டும்; கை அறுவைச் சிகிச்சையை உட்கார்ந்தே செய்யலாம். அந்த ஒரு வேறுபாட்டைப் பற்றிக்கொண்டு வர்கீஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி அறுவைச் சிகிச்சை அரங்கத்துக்குத் திரும்பினார். பிறகு நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க்கிடம் மறுவாழ்வு மருத்துவம் பயின்று வந்தார். 1966இல் வேலூரில் உள்நோயாளிகளுக்கான மறுவாழ்வு மையம் திறக்கப்பட்டது. நாட்டில் அந்த வகையில் அதுவே முதலாவது. 1972இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவரது உறுதியைப் பாராட்டுங்கள், கூடவே உட்கார்ந்தபடி எட்டுகிற அறுவைச் சிகிச்சை மேசையின் உயரத்தையும் கவனியுங்கள்.

இனி வாசலுக்கு வருவோம். சாலைமேல் சாலை போட்டுப் போட்டு வீடு பள்ளமாகிவிடும் என்ற பயத்தில், புது வீடு கட்டுகிறவர்கள் தரைத்தளத்தைத் தெருவிலிருந்து மூன்றடி உயர்த்திவிடுகிறார்கள். வெள்ளத்துக்கு அது சரி. வீட்டில் ஒருவர் வீல்சேருக்கு வந்துவிட்டால், கொத்தனாரைக் கூப்பிட்டு ‘ஒரு ரேம்ப் போட்டுடுப்பா’ என்கிறோம். அவரும் இருக்கிற இடத்துக்குள் அடக்கி, நான்கடிக்கு ஓரடி ஏறுகிற மாதிரி பூசிவிட்டுப் போய்விடுகிறார். அது பைக் ஏற்றத்தான் உதவும்.

கணக்கைப் பாருங்கள். ஆளும் நாற்காலியும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். வழவழப்பான சமதளத் தரையில் அதை உருட்டிக்கொண்டே போக ஏறத்தாழ ஒரு கிலோ எடைக்குச் சமமான விசை போதும். 12 அடிக்கு ஓரடி ஏறும் சாய்தளத்தில் புவியீர்ப்பை எதிர்க்க மட்டும் 6.6 கிலோ. ஆறடிக்கு ஓரடி என்றால் 13 கிலோ. நான்கடிக்கு ஓரடி என்றால் 19 கிலோவுக்கு மேல். கையை அடுத்த தள்ளலுக்காக எடுக்கிற அந்த நொடியில் நாற்காலி பின்னால் உருளப் பார்க்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விசையாவது பரவாயில்லை, பலசாலிகள் சமாளிப்பார்கள். கவிழ்வதுதான் ஆபத்து. ஆளும் நாற்காலியும் சேர்ந்த எடை மையம் தரையிலிருந்து 60 செ.மீ. உயரத்திலும், பின்சக்கர அச்சுக்கு 10 செ.மீ. முன்னாலும் இருந்தால், ஆறுக்கு ஒன்று என்ற சரிவிலேயே அந்த மையம், பின்சக்கரம் தரையைத் தொடும் இடத்துக்கு நேர்மேலே வந்துவிடும். அதற்கு மேல் நாற்காலி பின்பக்கமாகச் சாயும். ரேம்பில் ஏறுகிறவர் நெஞ்சை முழங்காலை நோக்கிச் சாய்த்துக்கொண்டு தள்ளுவது சிரமத்தால் மட்டுமல்ல. எடை மையத்தை முன்னே நகர்த்துகிறார். ஆக, மூன்றடி உயரத்துக்கு 36 அடி நீள ரேம்ப் தேவை, நடுவில் நின்று மூச்சுவாங்க ஒரு சமதளமும் வேண்டும். நேராகப் போட இடமில்லையென்றால் வீட்டுச் சுவரை ஒட்டி மடித்துப் போடலாம். அதற்கும் இடமில்லையென்றால் சிறிய லிஃப்ட்டைப் பற்றி யோசிக்கலாம். செங்குத்தான ரேம்ப் மட்டும் வேண்டாம்.

ரேம்பில் ஏறிவிட்டால் அடுத்தது வாசற்படி. இரண்டு செ.மீ. உயர நிலைப்படி நம் கண்ணுக்குத் தடையாகவே தெரியாது. வீல்சேரின் முன்சக்கரமோ பெரும்பாலும் ஐந்தங்குல விட்டமே உள்ளது. அவ்வளவு சிறிய சக்கரம் 2 செ.மீ. விளிம்பில் ஏற வேண்டுமானால், அது தாங்கியிருக்கும் எடையைவிடச் சற்று அதிகமான விசையால் தள்ள வேண்டும். 24 அங்குலப் பின்சக்கரத்துக்குத் தன் சுமையில் ஐந்தில் இரண்டு பங்கு விசையே போதும். அனுபவசாலிகள் என்ன செய்கிறார்கள்? சக்கர வளையத்தை ஒரு வெட்டு வெட்டி முன்பக்கத்தைத் தூக்கிவிடுகிறார்கள். முன்சக்கரம் படியைத் தொடாமலே கடந்துவிடும், வந்த வேகத்தில் பின்சக்கரம் ஏறிக்கொள்ளும். இரு பின்சக்கரங்களில் மட்டும் நிற்கும் இந்த வித்தைக்கு வீலி என்று பெயர். பார்க்கிறவர்கள் சாகசம் என்று கைதட்டுவார்கள். அவர் சமையலறைக்குப் போய்க்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான்.

வீலி செய்ய நாற்காலி ஒத்துழைக்க வேண்டும். அளவே எடுக்காமல் ஒரே அச்சில் வார்த்துக் கொடுக்கப்படும் இரும்பு மடக்கு நாற்காலி 20 கிலோவை நெருங்கும். அதன் பின்சக்கர அச்சு வெகு பின்னால் இருப்பதால் முன்சக்கரத்தில் சுமை அதிகம். அகலம் பொருந்தாவிட்டால் கைகளை இறக்கை மாதிரி விரித்துத் தள்ள வேண்டியிருக்கும். கையைச் சக்கர வளையத்தின் உச்சியில் வைக்கும்போது மேல்கைக்கும் முன்கைக்கும் இடையே முழங்கையில் உள்ள கோணம் 100 முதல் 120 பாகை வரை இருந்தால் நாற்காலியின் உயரம் சரி. தோள் மூட்டு பல திசைகளில் சுழல்வதற்காக அமைந்தது, நாள் முழுக்கச் சுமை தள்ளுவதற்காக அல்ல. ஒரு நாளில் ஆயிரக்கணக்கான தள்ளல்கள் விழும்போது சில ஆண்டுகளில் தோள் வலி வந்துவிடுகிறது. கால் போனவருக்குத் தோளும் போனால் என்ன மிச்சம்? குட்டிக் குட்டித் தள்ளல்களாக இல்லாமல் நீளமாக, மென்மையாகத் தள்ளி, கையை வளையத்துக்குக் கீழாகத் தளரவிட்டு மீண்டும் மேலே கொண்டுவருவது தோளுக்கு நல்லது. சென்னை ஐஐடியின் மறுவாழ்வு ஆய்வு மையத்தில் உருவாகி வெளிவந்த நியோஃப்ளை நாற்காலி, வாங்குகிறவரின் உடல் அளவுக்கேற்ப அமைத்துத் தரப்படுகிறது. அதன் முன்னால் மாட்டிக்கொள்ளும் நியோபோல்ட் என்ற மோட்டார் அமைப்பு, நாற்காலியையே மூன்று சக்கர வண்டியாக்கிவிடும்.

உட்கார்ந்தே இருப்பதிலும் உடலியல் இருக்கிறது. நமக்குப் புட்டம் மரத்துப்போனால் அறியாமலே அசைந்துகொள்கிறோம். உணர்வில்லாதவருக்கு அந்த எச்சரிக்கை வராது. உட்காரும் எலும்பின் கீழே நுண்குழாய்களில் ரத்தம் நின்று, தசை அழுகி, படுக்கைப் புண் உண்டாகிறது. அதனால் கால் மணி அல்லது அரை மணிக்கு ஒருமுறை முன்னால் நன்றாகக் குனிந்து இரண்டு நிமிடம் அப்படியே இருக்க வேண்டும். சில நொடிகள் கையூன்றி எழும்பினால் ரத்த ஓட்டம் முழுதாகத் திரும்பாது, தோளுக்கும் கேடு. மெடிக்கல் கடையில் கிடைக்கும் காற்றடைத்த ரப்பர் வளையத்தை வாங்கிப் போடாதீர்கள். சுற்றிலும் அழுத்தி, நடுவில் ரத்தம் வருவதை அது தடுக்கிறது. கத்திரி வெயிலில் இன்னொன்று சேரும்: கழுத்தில் அடிபட்டவருக்குப் பாதிப்புக்குக் கீழே வியர்வை சரியாகச் சுரக்காது, உடல் சூடேறிவிடும். ஈரத்துண்டும் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலும் மின்விசிறியும்தான் அவருக்கு வியர்வை.

தனி மனிதரின் திறமை எங்கே முடிகிறதோ அங்கே ஊர் தொடங்க வேண்டும். 2022 நவம்பரில் சென்னை மெரினாவில் 263 மீட்டர் நீள மரப்பாதை திறக்கப்பட்டபோது, ஆண்டுக்கணக்கில் சென்னையிலேயே வாழ்ந்தும் அலையருகே போகாதவர்கள் போனார்கள். மணலில் ஒல்லியான சக்கரம் புதைந்து போவதால் எந்தத் தோள் வலிமையும் அங்கே செல்லாது. பலகை எடையைப் பரப்பிவிடுகிறது. அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது, சரிசெய்தார்கள். 2024 ஆகஸ்ட்டில் சென்னையில் தாழ்தளப் பேருந்துகள் மீண்டும் ஓடத் தொடங்கின. நிறுத்தத்தில் பேருந்து ஒருபக்கமாகத் தாழ்ந்து சாய்தளத்தை விரிக்கும். ஆனால் ஓட்டுநர் நடைபாதையை ஒட்டி நிறுத்தினால்தான் அந்தச் சாய்தளம் ஏறக்கூடிய சரிவில் அமையும். நடைபாதையை மறித்துத் தள்ளுவண்டியும் காரும் நின்றால் அவரால் ஒட்டி நிறுத்த முடியாது.

உங்கள் வீட்டில் யாருக்கும் இப்போது தேவையில்லை என்றாலும் ஒரு காரியம் செய்யுங்கள். இன்ச் டேப்பை எடுத்துக் குளியலறைக் கதவின் அகலத்தை அளந்து பாருங்கள். பெரும்பாலும் இரண்டு, இரண்டேகால் அடிதான் இருக்கும். வீல்சேரின் அகலமே ஏறத்தாழ அவ்வளவு. அடுத்த முறை வீடு கட்டும்போதோ மாற்றும்போதோ கதவுக்கு 90 செ.மீ. வழி விடச் சொல்லுங்கள், நிலைப்படி வேண்டாம் என்று சொல்லுங்கள், கதவு வெளிப்பக்கமாகத் திறக்கட்டும். கட்டும்போதே செய்தால் இதற்கான கூடுதல் செலவு மிகக் குறைவு. பிறகு சுவரை இடித்துச் செய்தால்தான் அதிகம்.