ஹாலோவீன்: ஆட்சேபங்களும் ஆதி சரித்திரமும்

அக்டோபர் 31-ஆம் தேதி அந்தி சாய்ந்ததும், பேயாகவும் சூனியக்காரியாகவும் எலும்புக்கூடாகவும் வேஷம் புனைந்த குழந்தைகள் வீடு வீடாகச் சென்று மிட்டாய் கேட்கும் ஹாலோவீன் பண்டிகை அமெரிக்காவில் எவ்வளவு பிரசித்தமோ, அந்தப் பண்டிகையின் நிழல்கூடத் தங்கள் பிள்ளைகள்மீது படலாகாது என்று விலகி நிற்கும் கிறிஸ்தவக் குடும்பங்களும் அந்நாட்டில் அவ்வளவு பிரசித்தம். தங்கள் கட்சிக்கு அவர்கள் வேதத்தையும் சரித்திரத்தையும் சாட்சிக்கு அழைக்கிறார்கள். வேதத்தின் சாட்சியம் ஐயத்துக்கு இடமற்றது. குறி கேட்பதையும் சூனியம் செய்வதையும் மரித்தவர்களிடம் விசாரிப்பதையும் உபாகமத்தின் 18-ஆம் அதிகாரம் அருவருப்பான செய்கைகள் என்று விலக்குகிறது. சரித்திரத்தின் சாட்சியந்தான் குறுக்கு விசாரணையில் தடுமாறுகிறது.

அவர்கள் சொல்லும் சரித்திரம் இது: புராதன கெல்ட் ஜாதியார் சவ்வின் என்னும் மரண தேவதைக்கு அன்றிரவு பலியிட்டார்கள், ரோமாபுரித் திருச்சபை அந்த அநாசாரத்துக்கு ஞானஸ்நானம் கொடுத்துத் தன்னதாக்கிக் கொண்டது. உண்மையில் சவ்வின் தேவதையன்று. அறுவடை முடிந்து, கோடையில் மலைமேய்ச்சலுக்கு ஏற்றிய மாடுகளைத் தாழ்நிலத்துக்கு இறக்கிக்கொண்டு, அயர்லாந்தின் குடியானவர்கள் குளிர்காலத்தை எதிர்கொண்ட பருவ விழா. அதை மரண தேவதையாக்கிய கற்பனையைப் பரப்பியவர் 18-ஆம் நூற்றாண்டின் வாலன்சி என்ற ராணுவ எஞ்சினீயர். அது மரித்தோர் விழா என்ற கொள்கை ஜான் ரீஸ், ஜேம்ஸ் பிரேசர் ஆகிய 19-ஆம் நூற்றாண்டுப் பண்டிதர்களால் வேரூன்றியது. ரொனால்ட் ஹட்டன் என்ற சரித்திராசிரியர் 1996-இல் அதை ஆராய்ந்து, அதற்கு ஆதாரம் மிகச் சொற்பம் என்று காட்டினார். அன்றிரவு மறுவுலகத்தின் கதவு திறப்பதாக ஐரிஷ் கதைகள் கூறுவது மெய்யே. ஆனால் அக்கதைகள் ஏட்டிலேறியது அந்நாடு கிறிஸ்தவமான பல நூற்றாண்டுகளுக்குப் பின்புதான்.

ஹாலோவீனுக்கு மறுநாள் வரும் சகல அர்ச்சியசிஷ்டர் திருநாளின் வரலாறும் அந்த வாதத்துக்கு அனுகூலமாக இல்லை. நான்காம் போனிபாஸ் பாப்பரசர் ரோமாபுரியின் பாந்தியன் ஆலயத்தைத் தேவமாதாவுக்கும் வேதசாட்சிகளுக்கும் அபிஷேகம் செய்தது மே 13-ஆம் தேதி. நவம்பர் முதல் தேதியை லூயி சக்கரவர்த்தி 835-இல் பிராங்கிய ராஜ்ஜியத்தில் நிலைநாட்டினார். அயர்லாந்தின் பழைய திருச்சபையோ அத்திருநாளை ஏப்ரல் 20-இல் ஆசரித்தது. ஐரிஷ் விழாவை விழுங்குவதற்காகவே நவம்பர் தேதி குறிக்கப்பட்டது என்றால், ஐரிஷ்காரர்களே அதை வசந்தகாலத்தில் கொண்டாடியது ஏன்?

குளூனி மடத்தின் அதிபர் ஒதிலோ 998-ஆம் ஆண்டையொட்டி நவம்பர் 2-ஆம் தேதியை மரித்த ஆத்துமாக்களுக்கென்று ஒதுக்கினார். நம் நாட்டுக் கத்தோலிக்கர் கல்லறைக்கு வெள்ளையடித்து, பூவும் மெழுகுவர்த்தியும் வைத்து, சுவாமியாரைக் கொண்டு மந்திரிக்கும் கல்லறைத் திருநாள் அதுவே. இங்கிலாந்தில் அந்நாட்களில் ஏழைகள் வீட்டு வாசலில் நின்று, அவ்வீட்டில் இறந்தவர்களுக்காக ஜெபித்து, ‘ஆத்மப் பணியாரம்’ என்ற வாசனைச் சரக்கிட்ட வட்ட ரொட்டியைப் பெற்றுச் செல்வார்கள். ஆகவே முதலாவது எதிர்ப்பு எழுந்தது, பண்டிகையில் புறச்சமய வாடை வீசியதாலன்று, கத்தோலிக்க வாடை வீசியதால்! உத்தரிக்கிற ஸ்தலம் உண்டென்று நம்பாத சீர்திருத்தக்காரர்களுக்கு, அங்கே வேதனைப்படும் ஆத்துமாக்களுக்காக ஜெபிப்பதும் மணியடிப்பதும் சகிக்கவொண்ணாதவை. லூத்தர் 1517-இல் தம் ஆட்சேபங்களை வெளியிட்டதும் இதே அக்டோபர் 31-ஆம் தேதிதான்.

உபாகமத்தின் விலக்கு உண்மையாகவே பொருந்தும் ஹாலோவீன் வழக்கங்கள் ஸ்காட்லாந்தின் கிராமங்களில் இருந்தன. ராபர்ட் பர்ன்ஸ் 1785-இல் இயற்றிய நெடும்பாடலும் அவர் எழுதிய குறிப்புகளும் அவற்றை நுணுக்கமாக வர்ணிக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு தோட்டத்தில் ஒரு கீரைத் தண்டைப் பிடுங்கினால், அதன் நெடுமையும் கோணலும் வரப்போகும் வாழ்க்கைத் துணையின் தோற்றம். வேரில் ஒட்டிய மண் சீதனம். குருத்தின் ருசி குணம். காதலர் பெயரிட்ட இரண்டு கொட்டைகளை அடுப்பிலிட்டால், சேர்ந்து எரிவது சுபம், ஒன்று துள்ளி விலகுவது அசுபம். குறி கேட்டல் என்ற குற்றம் இதற்குத் தாராளமாகப் பொருந்தும். ஆயினும் இதைச் செய்தவர்கள் ஞாயிறு தவறாமல் பிரஸ்பிட்டீரியன் கோவிலுக்குச் சென்ற குடியானவர் மக்கள்.

1840-களின் பஞ்சத்தில் அயர்லாந்தைவிட்டுப் புறப்பட்டவர்கள் தங்கள் வழக்கங்களை அமெரிக்காவுக்குக் கொண்டு போனார்கள். ஊரில் டர்னிப் கிழங்கைக் குடைந்து கோரமுகம் செதுக்கி விளக்கேற்றிய கைக்கு, அங்கே இலகுவாகக் குடையவரும் பரங்கிக்காய் கிடைத்தது.

இன்றைய ஆட்சேபங்கள் பலவிதம். யெகோவாவின் சாட்சிகள் அடியோடு விலகுகிறார்கள். யூத ஆசாரியர் பலர் புறஜாதியாரின் வழக்கத்தைப் பின்பற்றலாகாது என்கிறார்கள். மலேசியாவின் தேசிய பத்வா கவுன்சிலும் இது முஸ்லிம்களுக்கு ஆகாது என்று தீர்ப்பளித்தது. பாரிஸ் மேற்றிராசனம் 2002-இல் தொடங்கிய ‘ஹோலிவின்ஸ்’ விழா வேறு தினுசு. அது பரவிய இடங்களில் பிசாசு வேஷத்துக்குப் பதில் குழந்தைகளுக்கு அர்ச்சியசிஷ்டர் வேஷம் போடுகிறார்கள். எனக்கு இதுவே மிகவும் விவேகமாகத் தோன்றுகிறது, ஏனெனில் அந்த மாலை ஆதியில் அவர்களுடையதே.

விலக விரும்பும் பெற்றோர் வேதவாக்கியத்தைக் காட்டி விலகட்டும்; மனச்சாட்சிக்கு அதற்குமேல் நியாயம் தேவையில்லை. சவ்வின் என்ற மரண தேவதையை மட்டும் பிள்ளைகளுக்குப் போதிக்க வேண்டாம். அப்படியொரு தேவதை இருந்ததற்குச் சான்றே இல்லை.