வாயில்லா நோயாளி

சங்கச் சான்றோர் ஞமலி என்றும் ஞாளி என்றும் வழங்கிய நாய், மனிதனோடு பன்னெடுங்காலமாக உடன்வாழ்ந்து வரும் விலங்காகும். முற்காலத்தில் வேட்டைக்கும் காவலுக்குமே பயன்பட்ட அது, இக்காலத்துப் பல இல்லங்களில் மக்களுள் ஒன்றாகவே வைத்துப் போற்றப்படுகின்றது. தடுப்பூசியும் நல்லுணவும் பெற்ற நாய்கள் 10, 12 ஆண்டுகள் இனிது வாழ்தலைக் காண்கின்றோம். முதுமை வந்துற்றபோது முதுமைக்குரிய நோய்களும் உடன்வருதல் இயல்பே. அவற்றுள் கொடியது புற்றுநோய். இந்நோய் மனிதர்க்கு வரின் செய்யத்தக்கன யாவை என்பதைப் பலரும் ஒருவாறு அறிவர். நாய்க்கு வந்தவிடத்தோ, இனி ஒன்றும் செய்தற்கில்லை என்று கைவிடுவாரும், எவ்வாற்றானும் காத்தே தீர்வோம் என்று அதனை வருத்துவாருமாகிய இரு திறத்தாரையே பெரிதும் காண்கின்றோம். இவ்விரண்டிற்கும் இடைப்பட்டதொரு நெறி உண்டு. அதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உடம்பு எண்ணிறந்த உயிரணுக்களால் ஆயது. அவை வேண்டுமளவிற் பெருகி, முதிர்ந்து, மாய்ந்து, புதியனவற்றிற்கு இடங்கொடுத்தல் முறை. அம்முறை தப்பி, ஓரணுவின் வழித்தோன்றல்கள் கட்டின்றிப் பெருகுவதே புற்று. மேனாட்டார் இதற்கு நண்டின் பெயரை இட்டனர். நாமோ கறையான் எழுப்பும் புற்றின் பெயரால் வழங்குகின்றோம். நிலத்தின்மேல் தோன்றும் புற்றினும் கீழே ஓடும் வளைகள் மிகுதியாதல் போல, வெளியே தோன்றும் கழலையினும் உள்ளே பரவிய நோய் மிகுதியாதலும் உண்டு. ஆதலின் இப்பெயர் பெரிதும் பொருத்தமுடையதே.

நாய்கட்கு வரும் புற்றுகள் பல. ஈண்டு மூன்றினை மட்டும் கூறுவோம். முதலாவது பெண்நாய்கட்கு வரும் மடிப்புற்று. மடியில் தோன்றும் கழலைகளுள் ஏறத்தாழப் பாதி தீயனவாம். முதற் பருவத்திற்கு முன்னரே கருத்தடை அறுவை செய்யப்பெற்ற நாய்கட்கு இந்நோய் மிக அரிதாகவே வருகின்றது என்பதை 1969இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்று காட்டிற்று. அறுவைக்குத் தக்க வயது நாயின் இனத்திற்கேற்ப வேறுபடும். அதனை மருத்துவரே வரையறுத்தல் வேண்டும்.

இரண்டாவது, புணர்ச்சியாற் பரவும் புற்று. நம் நாட்டுத் தெருநாய்களிடத்து இது மிகுதி. ஏனைய புற்றுகள் தாம் தோன்றிய உடம்போடு அழிவன. இதன் அணுக்களோ ஒரு நாயினின்று மற்றொரு நாய்க்குச் சென்று வாழ்வன. 1876இல் நோவின்ஸ்கி என்னும் உருசியக் கால்நடை மருத்துவர், இத்தகைய கழலையின் துணுக்கை வேறொரு நாயின் உடம்பில் வைத்து வளரச்செய்து இவ்வுண்மையை நிறுவினார். உலகெங்கும் காணும் இப்புற்று, பல்லாயிரம் ஆண்டுகட்கு முன் வாழ்ந்த ஒரே நாயினிடம் தோன்றியது என்று மரபணு ஆய்வாளர் இன்று தெளிந்துள்ளனர். எனினும் இது மனிதரைப் பற்றாது. நாயின் வேறெப்புற்றும் நம்மைத் தொற்றுவதன்று. ஆதலின் நோயுற்ற நாயை அஞ்சி ஒதுக்குதல் வேண்டா.

மூன்றாவது நிணநீர்ப் புற்று. தாடையின் கீழும், தோளின் முன்னும், பின்காலின் முழங்காற் புறத்தும் நெறிகட்டியது போன்று உருண்டைகள் வீங்கும். தொட்டால் நோவு இராமையின் பலர் இதனைப் பொருட்படுத்துவதில்லை. மருந்தில்லையேல் ஓரிரு திங்களில் உயிர் நீங்குதலே பெரும்பான்மை.

ஆறாத புண், வளரும் கட்டி, காரணமின்றி மெலிதல், உணவில் வெறுப்பு, நீங்காத நொண்டல், வாய் நாற்றம், குருதிக் கசிவு ஆகிய இவற்றுள் ஒன்று தோன்றினும் கால்நடை மருத்துவரை அடைதல் வேண்டும். நுண்ணிய ஊசியால் அணுக்களை எடுத்தோ, திசுத் துணுக்கை அறுத்தெடுத்தோ உருப்பெருக்கியில் ஆராய்ந்தாலன்றி நோய் இன்னதென்று துணிதல் இயலாது. அவ்வாறு துணியுமுன் வீக்கம் வற்றுதற்பொருட்டுப் பிரெட்னிசோலோன் போன்ற மருந்தைக் கொடுத்தல் தகாது. அது நோயின் குறிகளை மறைப்பதோடு, பின்னர்க் கொடுக்கும் மருந்துகட்கு நோய் அடங்காதவாறும் செய்துவிடும்.

மருத்துவ முறைகள் அறுவை, கதிர், மருந்து என மூவகைப்படும். மருந்துகளுள் சிறந்த வின்கிரிஸ்டின் என்பது நாம் நித்தியகல்யாணி என்று வழங்கும் செடியினின்று எடுக்கப்படுவது. இடுகாட்டு ஓரங்களில் தானே வளர்தலின் சுடுகாட்டுப் பூ என்று இகழப்படும் அச்செடியே உயிர்காக்கும் மருந்தைத் தருகின்றது! புணர்ச்சியாற் பரவும் புற்று, வாரம் ஒருமுறையாக நான்கு முதல் ஆறு ஊசிகளில் பெரும்பாலும் முற்றும் நீங்குகின்றது. இதுகொண்டு அச்செடியின் இலையை இடித்துக் கொடுக்கத் துணிதல் கூடாது. அளவறியாது உண்டால் அது நஞ்சாம்.

நிணநீர்ப் புற்றிற்கு வின்கிரிஸ்டினோடு டாக்ஸோருபிசின், சைக்ளோபாஸ்பமைடு, பிரெட்னிசோலோன் ஆகியவற்றை முறையே கொடுப்பர். இவற்றால் பல நாய்கள் ஏறத்தாழ ஓராண்டு நலமுடன் வாழ்கின்றன. முற்றும் நீங்குதல் அரிது. மனிதர்க்குப் போல நோயை வேரறுக்கும் கடுமையோடன்றி, நாள்களை இனியவாக்கும் அளவிலேயே நாய்க்கு மருந்து தரப்படுகின்றது. ஆதலின் பெரும்பாலான நாய்கள் கடுந்துன்பம் உறுவதில்லை. மயிர் உதிர்தலும் சில இனங்கட்கே நிகழும்.

இனி இல்லத்தார் செய்யத்தக்கன கூறுவோம். ஊசியிட்ட 7 முதல் 10 நாளளவில் குருதியின் வெள்ளணுக்கள் குறையும். நாயின் இயல்பான வெப்பம் 101 முதல் 102.5 பாரன்ஹீட் பாகை வரையில் உள்ளது. 103ஐக் கடப்பின் உடனே மருத்துவர்க்கு அறிவித்தல் வேண்டும். அந்நாள்களில் பச்சை இறைச்சி கொடுத்தல் ஆகாது. நன்கு வெந்த சோறும் முட்டையும் கோழியிறைச்சியும் சிறிது சூடாக்கி, சிறுகச் சிறுகப் பலமுறை ஊட்டலாம். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் ஆகியன எந்நாளும் விலக்கத்தக்கன. சைக்ளோபாஸ்பமைடு சிறுநீர்ப்பையைப் புண்படுத்துமாகலின், நீர் மிகுதியாகக் கொடுத்து அடிக்கடி வெளியே அழைத்துச் செல்லல் வேண்டும். மருந்து சிறுநீர் மலங்களின் வழியே வெளிப்படும் முதன் மூன்று நாள்களில் அவற்றைக் கையுறையணிந்தே அகற்றுக. கருவுற்ற மகளிர் அப்பணியிற் புகாதிருத்தல் நலம். மனிதர் உண்ணும் நோவு மாத்திரைகள் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்குமாகலின், மருத்துவர் கூறாத எதனையும் கொடுத்தல் தவறு.

நாய் தன் நோவை வாய்விட்டுக் கூறாது. பெரும்பாலும் மறைக்கவே முயலும். ஓயாது மூச்சிரைத்தல், இடம் மாறி மாறிப் படுத்தல், ஓரிடத்தையே நக்குதல், ஒளிந்துகிடத்தல் ஆகியன அதன் மொழி. அம்மொழியைக் கற்றலே பேணுவார் கடமை.

எம் இல்லத்தில் வளர்ந்த கோம்பை நாய்க்கு அதன் ஒன்பதாம் வயதில் நிணநீர்ப் புற்று கண்டது. வாரந்தோறும் ஊசியிடுதற்கு எந்தையாரின் ஊதியம் இடந்தரவில்லை. மருத்துவர் அதனைக் கேட்டு முகஞ் சுளித்தாரல்லர். பிரெட்னிசோலோன் ஒன்றையே கொடுத்து, எஞ்சிய நாளை இனிதாக்கும் வழிகளை எமக்குக் கற்பித்தார். அன்னையார் நாட்காட்டியில் நல்ல நாளுக்கு ஒரு வட்டமும் தீய நாளுக்கு ஒரு கோடும் இட்டு வந்தார். பத்து வாரம் அது எம்மோடு இருந்தது. வட்டங்களினும் கோடுகள் மிகுந்த வாரத்தில், யாம் அனைவரும் ஒருமனப்பட்டு அதன் துயரை முடிக்க இசைந்தோம். செலவுமிக்க மருத்துவம் செய்ய இயலாமை அன்பின்மையாகாது என்பதை அந்நாள்களில் உணர்ந்தோம்.

எந்நாளில் நிறுத்துவது என்பதே யாவரையும் வருத்தும் வினா. அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் 2004இல் இதற்கோர் அளவுகோல் வகுத்தார். நோவின்மை, பசி, நீரருந்தல், தூய்மை, மகிழ்ச்சி, நடை, தீய நாளினும் நல்ல நாள் மிகுதல் என்னும் ஏழிற்கும் தனித்தனியே பத்துக்கு இத்துணை என மதிப்பிட்டுக் கூட்டினால், 35க்கு மேற்படும்வரை பேணுதலைத் தொடரலாம் என்பது அவர் கொள்கை. அளவு தாழ்ந்து மீளாதாயின், மயக்க மருந்தைக் குருதிக்குழாய் வழியே மிகுதியாகச் செலுத்தி மருத்துவர் உயிரை ஒடுக்குவர். நாய் முதலில் உறங்கும். பின்னரே மூச்சு அடங்கும். அவ்வேளையில் பழகிய கையொன்று அதன் தலைமேல் இருத்தல் நன்று. நம் பிரிவாற்றாமைக்காக அதன் துன்பத்தை நீட்டித்தல் அன்பின்பாற் படுவதன்று.

நாய் வளர்க்கும் அன்பர்க்கு ஒன்று கூறி அமைவோம். திங்கள்தோறும் ஒருமுறை அதனைத் தலைமுதல் வால்வரை கையால் தடவி, வாயைத் திறந்து நோக்கி, எடையையும் குறித்து வாருங்கள். இதற்குப் பொருள் வேண்டா. கால்மணி நேரமே போதும். தொடக்கத்திலே அறியப்பெற்ற புற்றுகள் பல, அறுவை ஒன்றானே நீங்குவன.