கரீஃப் பருவமும் கார்க் கதவின் ரப்பரும்

வளைகுடா தேசங்கள் யாவும் ஆடி மாதத்து உஷ்ணத்தில் வெந்துகொண்டிருக்கையில், அரபிக்கடலுக்கும் தோஃபார் மலைத்தொடருக்கும் இடையே கிடக்கும் சலாலா மட்டும், குற்றாலத்துக்குச் சாரலைக் கொணரும் அதே தென்மேற்குப் பருவக்காற்றின் தயவால், பனிமூட்டத்திலும் தூறலிலும் நனைந்து பச்சை பூண்டு நிற்கிறது. ஜூன் 21 முதல் செப்டம்பர் 21 வரை நீடிக்கும் இந்தக் கரீஃப் பருவத்தை அனுபவிக்க, மஸ்கட்டிலிருந்து ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர் பாலைவழியைக் கடந்து குடும்பம் குடும்பமாகக் காரில் வருகிற நம்மவர்கள், டயரையும் ஏசியையும் எஞ்சின் ஆயிலையும் சிரத்தையோடு சோதித்துக்கொண்டாலும், கதவைச் சுற்றி ஓடும் ரப்பர் பீடிங்கை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

அந்த ரப்பருக்கு இவ்வூரைக் காட்டிலும் கடினமான பரீட்சைக்களம் அரிது. தும்ரைத் பக்கத்து வறண்ட வெயிலில் காய்ந்து வந்த வாகனம், மலைமுகட்டைத் தாண்டிய சில நிமிஷங்களில் ஈரப்பனிக்குள் நுழைகிறது. முக்சைல் கடற்கரையில் நிறுத்தினாலோ, பாறைத் துவாரங்களின் வழியே பீறிடும் அலைநீரின் உப்பு அதன்மேல் படிகிறது. வழியெல்லாம் சேர்ந்த மணலும் இந்த உப்பும் ரப்பரின் மடிப்பில் தங்கிவிட, கதவைச் சாத்தும்போதெல்லாம் அவை அதனை அராவுகின்றன. பெருமழை பெய்து ஓய்ந்துவிடும். கரீஃப் தூறலோ நாள் முழுதும் விடாமல் கசிவதால், ரப்பர் நெகிழ்ந்த இடத்தில் உட்புகும் நீர், கால்விரிப்பின் அடியிலுள்ள பஞ்சில் ஊறி, துர்நாற்றத்தை எழுப்புவதோடு, இருக்கைக்குக் கீழே ஓடும் மின்கம்பி இணைப்புகளையும் அரிக்கத் தொடங்குகிறது.

ஆயினும் என் பிரதானமான கவலை மழையும் உப்பும் அல்ல. நாமே பூசும் எண்ணெய்தான். கன்னியாகுமரி மாவட்டத்துத் தோட்டங்களில் பால் வடிக்கும் மரத்தின் இயற்கை ரப்பர், காற்றிலுள்ள ஓசோனால் வெடித்துப் பிளவுறும் ஸ்வபாவம் உடையது. ஆகவே கதவுகளுக்கு இப்போது பெரும்பாலும் எத்திலீனும் புரொப்பிலீனும் சேர்ந்த இ.பி.டி.எம். என்னும் செயற்கை ரப்பரையே பயன்படுத்துகின்றனர். வெயில், ஓசோன், உப்புநீர், ஏன், கிளைகோல் வகைப் பிரேக் திரவம் ஆகிய இவை அனைத்தையும் சகிக்கும் இந்த ரப்பர், தன் இனத்தைச் சேர்ந்த ஹைட்ரோகார்பனான பெட்ரோலிய எண்ணெயை மாத்திரம் உறிஞ்சிக்கொண்டு, ஊதிப் பருத்து, குழைந்து, உருக்குலைந்து போகிறது. இதனை அறியாமல், கதவு கிறீச்சிட்டால் கையில் அகப்பட்ட எஞ்சின் ஆயிலையோ, கிரீஸையோ, பெட்ரோலியம் ஜெல்லியையோ தடவுவதும், பெயர்ச்சீட்டு இல்லாத புட்டியிலிருந்து கழுவுமிடங்களில் பூசிவிடும் பளபளப்புத் திரவத்துக்குத் தலையசைப்பதும் நம்மிடையே சகஜமாகிவிட்டன. பூசிய அன்று புதிதுபோல் மினுங்குவதுதான் இதன் அபாயமே. தேங்காய் எண்ணெயும் இதற்கு ஏற்றதன்று; பிசுக்குப் பிடித்துத் தூசியைச் சேர்க்கும்.

இக்காலத்து ரப்பருக்கு எப்பூச்சும் வேண்டியதில்லை, நீரால் கழுவினாலே போதும் என்பாரும் உளர். மிதமான சீதோஷ்ணத்தில் வசிப்போர்க்கு அது பொருந்தலாம்; வெயிலும் மணலும் உப்பும் மாறிமாறித் தாக்கும் இவ்வழிக்கு அது போதாது.

செய்யத்தக்கது எளிது. மென்மையான சோப்பு நீரில் நனைத்த துணியால் மடிப்புகளின் உள்ளே துடைத்து, நிழலில் நன்கு உலரவிட்டு, சிலிக்கோன் எண்ணெயையோ சிலிக்கோன் கிரீஸையோ துணியில் எடுத்து மெல்லிய படலமாகத் தேய்த்தால் போதும். நேரே தெளித்தால் அது கண்ணாடியில் படிந்து பார்வையை மங்கச் செய்யும். பெயிண்டின்மேல் பட்டால், பிற்காலத்தில் மறுபூச்சு ஒட்டாமல் தொல்லை தரும். கதவின் அடிவிளிம்பில் உள்ள வடிகால் துவாரங்களையும் மேற்கூரை ஜன்னலின் வடிகுழாய்களையும் மணல் அடைத்திருந்தால், எத்தனை நல்ல ரப்பரும் உதவாது. ஒரு காகிதத் துண்டை இடையில் வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பாருங்கள். தடையின்றி அது உருவி வந்தால், ரப்பர் நசுங்கித் தன் மீள்சக்தியை இழந்துவிட்டது என்று பொருள். அந்நிலையில் எப்பூச்சும் அதை மீட்காது, மாற்றுவதே வழி.

மே மாத இறுதிக்குள் இவ்வேலையை முடித்துக்கொள்ளுங்கள். கடையில் வாங்கும் புட்டியில் பெட்ரோலியப் பொருள் கலந்துள்ளதாக எழுதியிருந்தால், அதைக் கதவு ரப்பரின் அருகே கொண்டுபோகாதீர்கள்.